லினக்ஸில் நெட் வரவில்லையா? எந்த ஷட்டரில் நிற்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து மன்னார்குடியில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்குப் பழைய மடிக்கணினிகள் வரத்து கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: "இதில் லினக்ஸ் போட்டுக் கொடுங்கள்." போட்டுக் கொடுப்பது அரை மணி நேர வேலை. மறுநாள் காலை கடை திறப்பதற்குள் தொலைபேசி அடிக்கும். "தம்பி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நெட் மட்டும் வரவில்லை."

அப்படி வந்த அழைப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொலைபேசியில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகியவன் என்பதால் இங்கும் அவற்றைத் தமிழ் ஒலியிலேயே தருகிறேன். சொல்லாக ஒலிப்பதைச் சொல்லாகவும் மற்றதை எழுத்தாகவும் படித்துக்கொண்டு, ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எல்எஸ்பிசிஐ என்றால் எல், எஸ், பி, சி, ஐ. நடுவில் இடைவெளி கிடையாது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் செய்து பார்த்தவை. உபுண்டு, மின்ட் இரண்டும் அதே குடும்பம். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் அதே குடும்பம்தான்.

முதலில் ஒன்று. கண்ணில் பட்ட கட்டளையை எல்லாம் ஒட்டிப் பார்க்காதீர்கள். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் ஊரில் யாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கண்ட இடத்தில் கரையை வெட்டுவதில்லை. மேட்டூரில் திறந்தார்களா, கல்லணையில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு விட்டார்கள், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பாமணியாற்று ஷட்டர் ஏறியிருக்கிறதா, கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று வரிசையாகத்தான் விசாரிக்கிறோம். இங்கும் அதே வேலைதான். நெட்வொர்க் கார்டு தெரிகிறதா, அதை இயக்கும் டிரைவர் ஏறியதா, கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் கிடைத்ததா, அலை அடைபட்டிருக்கிறதா, முகவரி வந்ததா என்று ஐந்து இடம். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்குவதற்கு முன்: கைபேசி, ஒரு யூஎஸ்பி வயர்

நெட் இல்லாத கணினியை நெட் இல்லாமல் சரிசெய்வது கோழியா முட்டையா கதை. டிரைவரை இறக்க நெட் வேண்டும்; நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இதற்கு நம் கையிலேயே வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அந்தக் கைபேசியை ஒரு கம்பிவழி நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காது. கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பே வயர் வழியாகக் கணினிக்குப் போய்விடும். மொபைல் டேட்டா செலவாகாது.

மொபைல் டேட்டாவில்தான் செய்ய வேண்டும் என்றால், கணினியின் தானியங்கிப் புதுப்பிப்பை முதலில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாளைக்கு உரிய ஒன்றரை ஜிபியை அது பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். இன்னொன்று: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான வயரில் டெதரிங் நடக்காது. டேட்டா போகிற வயரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயர் விஷயத்திலேயே ஒரு மணி நேரம் போன அழைப்புகள் உண்டு.

கார்டின் அடையாள எண்

கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ -என்என்' என்று தட்டுங்கள். நீளமான பட்டியல் ஓடும். அதில் 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் வரி கம்பிவழி கார்டு. 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்பது வைஃபை. வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு நான்கெழுத்துத் துண்டுகள் முக்காற்புள்ளியால் பிரிந்து நிற்கும். 10இசி:சி821 என்பதைப் போல. முதல் துண்டு தயாரிப்பாளர், இரண்டாம் துண்டு சிப். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி ஏதராஸ், 14சி3 மீடியாடெக்.

புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். வரியின் நடுவில் 0280 அல்லது 0200 என்று இன்னோர் அடைப்பு இருக்கும். அது வகை எண். பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்கு 0280தான். அதை வைத்துத் தேடினால் ஊரில் உள்ள 'முருகன்' எல்லோரும் வந்து நிற்பார்கள். முக்காற்புள்ளி உள்ள எண்தான் உங்களுக்கு வேண்டியது.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினியின் மாடல் பெயரையோ பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதையோ நம்ப வேண்டாம். அதே மாடல், அதே பெட்டி, அதே விலையாக இருந்தும் அடுத்த தொகுப்பில் உள்ளே வேறு சிப் இருப்பது சாதாரணம்.

பட்டியலில் கார்டே இல்லை என்றால் டிரைவரைத் தேடிப் பயனில்லை. கணினியின் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். கார்டு அதன் இருக்கையில் சரியாக உட்காராமல் இருக்கலாம். கழற்றி, தொடுமுனையை மென்மையான அழிப்பானால் லேசாகத் தேய்த்து, மறுபடி அழுத்திப் பாருங்கள்.

யூஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை என்றால் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்ட வேண்டும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. சில குட்டிகள் செருகியவுடன் தாங்கள் வைஃபை என்றே காட்டிக்கொள்ளாது. விண்டோஸ் டிரைவரைச் சுமந்த ஒரு சிடி என்று நடிக்கும். 0பிடிஏ:1ஏ2பி என்று எண் தெரிந்தால் அதுதான் கதை. 'யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற தொகுப்பை நிறுவி, பிடுங்கி மறுபடி செருகினால் பெரும்பாலும் வேடம் கலைந்து உண்மையான எண்ணோடு வந்து நிற்கும்.

டிரைவர் ஏறியதா?

அடுத்து 'எல்எஸ்பிசிஐ -கே'. ஒவ்வொரு கார்டுக்கும் கீழே சற்று உள்தள்ளி வரிகள் வரும். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் ஏறி வேலை செய்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள். 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி மட்டும் இருந்தால் டிரைவர் கணினியில் இருக்கிறது, ஆனால் கார்டைப் பிடிக்கவில்லை. 'சுடோ மோட்ப்ரோப்' என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த வரியில் உள்ள பெயரைத் தந்து ஏற்றிப் பார்க்கலாம். இரண்டு வரியுமே இல்லை என்றால், இந்தக் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, அந்தக் கார்டைத் தெரியாது.

கடைசியாகச் சொன்ன நிலையில்தான் நான் ஒரு முறை அரை நாளைத் தொலைத்தேன். நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் பில் போடும் மடிக்கணினி. மேலே சொன்ன 10இசி:சி821 தான் கார்டு. டிரைவர் வரி எதுவும் இல்லை. நான் உடனே டிரைவரின் மூல நிரலை இறக்கி, கம்பைல் செய்து (ஓடும் நிரலாக மாற்றி), அது பிழை சொல்ல, அதற்கு ஒரு திருத்தம் தேடி, அதுவும் பிழை சொல்ல... வெளியே மூட்டை ஏற்ற வந்த டிராக்டர்கள் நிற்கின்றன. அண்ணன் இரண்டு முறை டீ வாங்கி வந்துவிட்டார். மூன்றாவது முறை டீ இல்லை. "முடியாது என்றால் சொல்லிவிடு தம்பி, கையால் பில் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அப்போதுதான் கெர்னல் பதிப்பைக் காட்டும் 'யூநேம் -ஆர்' என்பதைத் தட்டிப் பார்த்தேன். 4.19 என்று வந்தது. என் பையில் கிடந்த பென் டிரைவில் இருந்தது 2019-இல் வெளியான டெபியன் 10. அந்தக் கார்டுக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வந்தது 5.9 பதிப்பில்தான். கார்டில் ஒரு குறையும் இல்லை; நான்தான் பழைய பென் டிரைவைக் கொண்டு போயிருந்தேன். கடைக்குத் திரும்பி வந்து டெபியன் 12 ஏற்றிய பென் டிரைவை எடுத்துப் போய் நிறுவாமலே இயக்கிப் பார்த்தேன். அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றன.

ஆகவே, கார்டு புதிது, கெர்னல் பழையது என்றால் கம்பைல் செய்யப் போகாதீர்கள், கெர்னலைப் புதிதாக்குங்கள். டெபியன் 12-இல் 6.1 கெர்னல், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 6.12. எந்தக் கணினியில் நிறுவும் முன்பும் பென் டிரைவிலிருந்து நேரலையாக இயக்கி, வைஃபை தெரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பெண் பார்க்காமல் தாலி கட்டுவது அந்தக் காலம்.

ஃபர்ம்வேர்: ஆள் வந்தார், கைப்பிடி இல்லை

டிரைவர் ஏறியிருக்கிறது, ஆனாலும் வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது. இந்த நிலைதான் புதியவர்களை மிகவும் குழப்பும். டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர் உங்கள் கணினியின் கெர்னலில் ஓடும் நிரல். ஃபர்ம்வேர், கார்டுக்குள் இருக்கும் குட்டிச் செயலிக்கு உரிய நிரல். பல கார்டுகள் அதைத் தங்களுக்குள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் டிரைவர் ஒரு கோப்பை எடுத்துக் கார்டுக்குள் ஊட்ட வேண்டும். ஷட்டரைத் திறக்க லஸ்கர் வந்துவிட்டார், சுழற்றும் கைப்பிடி அலுவலகத்தில் கிடக்கிறது என்றால் தண்ணீர் வருமா?

இதைக் கண்டுபிடிக்க 'சுடோ டிஎம்இஎஸ்ஜி' என்று தட்டி, வெளியீட்டில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஃபெயில்டு டு லோட்' என்று ஒரு கோப்பின் பெயரோடு வரி இருந்து, முடிவில் -2 என்று இருந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை என்று பொருள். -2 என்பதற்குக் 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது மட்டுமே அர்த்தம். கார்டு கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

கோப்பைத் தனியாகத் தேடி இறக்காதீர்கள், தொகுப்பாக நிறுவுங்கள். இன்டெல் என்றால் 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை', ரியல்டெக் என்றால் 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்', ஏதராஸ் என்றால் 'ஃபர்ம்வேர்-ஏதராஸ்'. நிறுவிய பின் கணினியை முழுவதுமாக அணைத்து மறுபடி இயக்குங்கள்.

டெபியன் இந்த ஃபர்ம்வேர்களை நெடுங்காலம் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. மூல நிரல் வெளியிடப்படாத எதுவும் தங்கள் வட்டில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கொள்கை பெரிதுதான். ஆனால் வைஃபை இல்லாத மடிக்கணினியோடு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொள்கையை விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறியவர்கள், தொகுப்புகளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் மூலப் பட்டியலில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற பகுதியைத் தாங்களே சேர்க்க வேண்டியிருக்கலாம். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன தொகுப்புகள் 'இல்லை' என்றே பதில் வரும்.

பழைய பிராட்காம் கார்டுகளுக்குத் தனி வழி. சிலவற்றுக்கு 'பி43' என்ற டிரைவர், சிலவற்றுக்கு 'டபிள்யூஎல்' என்ற டிரைவர். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால் ஒன்றையொன்று வேலை செய்ய விடாது. 'டபிள்யூஎல்' வேண்டுமென்றால் 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' என்ற தொகுப்பு. அதோடு உங்கள் கெர்னலுக்கு உரிய ஹெடர்ஸ் தொகுப்பும் அவசியம். ஹெடர்ஸ் இல்லாமல் நிறுவினால் நிறுவியதாகவே காட்டும், டிரைவர் மட்டும் உருவாகியிருக்காது.

டிகேஎம்எஸ் என்ற அந்த வாலைக் கவனியுங்கள். கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிரைவரைத் தானாக மறுபடி உருவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அது இல்லாமல் கையால் உருவாக்கிய டிரைவர், அடுத்த கெர்னல் புதுப்பிப்பு வரைதான் உயிரோடு இருக்கும். 'நேற்று இரவு வரை வந்தது, காலையில் இல்லை' என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அவசரத்துக்கு, கணினி தொடங்கும்போது வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று பிழை வந்தால் அது செக்யூர் பூட்டின் வேலை. கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்ற மாட்டேன் என்கிறது. ஒன்று, பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கலாம். அல்லது, உபுண்டு போன்றவற்றில், நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லைத் தந்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நீலத் திரை சில நொடிதான் காத்திருக்கும். டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

அலை அடைபட்டிருக்கிறதா?

இது சிறிய விஷயம். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு: எஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். 'ஹார்டு பிளாக்டு: எஸ்' என்றால் எந்தக் கட்டளையும் எடுபடாது, கணினியின் விளிம்பில் எங்கேயோ ஒரு நகர்த்தும் சுவிட்சோ, எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் விசையோ இருக்கும். விரலால் தடவித் தேடுங்கள்.

கம்பியும் களிம்பும்

கம்பிவழி இணைப்பில் 'ஐபி லிங்க்' என்ற கட்டளை எல்லாக் கார்டுகளையும் பெயரோடு காட்டும். இஎன்பி3எஸ்0 என்பது போன்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இஎன் என்றால் ஈதர்நெட், டபிள்யூஎல் என்றால் வைஃபை. பி3 என்பது மூன்றாம் பஸ், எஸ்0 என்பது அதில் பூச்சிய இடம். வீட்டுக் கதவிலக்கம் மாதிரிதான். பெயரைப் பார்த்து அப்படியே தட்டுங்கள்; பூச்சியத்துக்குப் பதில் 'ஓ' என்ற எழுத்தைத் தட்டிவிட்டு "கார்டே இல்லை என்கிறது" என்பவர்கள் உண்டு.

அந்த வரியில் 'நோ-கேரியர்' என்று இருந்தால் டிரைவர் சரி, கம்பியில் ஆள் இல்லை என்று பொருள். வேதாரண்யத்தில் உப்பளம் ஒன்றின் அலுவலகத்துக்கு இதற்காகப் போனேன். அவர்கள் மூன்று முறை லினக்ஸை மறுபடி நிறுவியிருந்தார்கள். நான் போய்ச் செருகியை உருவிப் பார்த்தால், கணினியின் பின்புறத் துளைக்குள் எட்டுத் தொடுமுனைகளில் நடுவில் இரண்டு பச்சையாக இருந்தன. களிம்பு. உப்புக் காற்றுக்குப் பித்தளை விளக்கில் பிடிக்கிற அதே களிம்பு. மின்சாரத்தை அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் துடைத்து, காய வைத்து, புதிய வயரைச் செருகியதும் துளையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகே விசைப்பலகையில் கை வைத்தேன்.

கடற்கரை ஓர ஊர்க்காரர்கள், கட்டளைகளுக்கு முன்னால் இந்த விளக்கைப் பாருங்கள்.

முகவரியும் பெயரும்

'ஐபி ஏடிடிஆர்' என்று தட்டினால் கார்டுக்குக் கிடைத்த முகவரி தெரியும். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் யாரும் கொடுக்கவில்லை. கணினி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' என்று தட்டி, கார்டுக்கு நேரே 'அன்மேனேஜ்டு' என்று வந்தால், நிறுவும்போது அந்தக் கார்டின் பெயர் /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அங்கே இருந்தால் திரையில் உள்ள நெட்வொர்க் மெனு அதைத் தொடாது. அந்த வரிகளின் முன் ஒரு ஹாஷ் குறி (#) போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

பிறகு 'பிங் 8.8.8.8'. பதில் வந்தால் டிரைவர் கதை முடிந்தது. விண்டோஸில் நான்கு பதிலோடு நிற்கும். இங்கே நீங்கள் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது, உலாவி மட்டும் ஒவ்வொரு தளத்தையும் 'பாதுகாப்பற்றது' என்கிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினியில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். காசு கொஞ்சம்தான், மாற்றிவிடுங்கள்.

லினக்ஸே அல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி போன்றவற்றை முயல்பவர்களுக்கும் ஷட்டர் வரிசை இதுதான், கட்டளைதான் வேறு. அங்கே 'பிசிஐகான்ஃப் -எல்வி' கார்டைக் காட்டும். கார்டின் பெயரிலேயே டிரைவரின் பெயர் இருக்கும்: ஆர்இ0 என்றால் ரியல்டெக், இஎம்0 என்றால் இன்டெல். டிரைவர் பிடிக்காத கார்டு 'நன்' என்று தொடங்கும். எனக்கு அந்த ஏற்பாடு லினக்ஸைவிடப் பிடிக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

வேலை முடிந்ததும் கார்டின் எண், கெர்னல் பதிப்பு, நிறுவிய தொகுப்பின் பெயர் மூன்றையும் எங்காவது எழுதி வையுங்கள். நீடாமங்கலத்து அண்ணன் மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் யூரியா மூட்டை விலைச்சீட்டு ஒன்றைத் திருப்பி ஒட்டி, அதில் பேனாவால் '10இசி:சி821, டெபியன் 12' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே என் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.